அழைப்பாணை சேர்ந்ததா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்து மாலை, திருகோணமலைத் துறைமுகத்துக்குச் சமீபமான ஒரு வீதியில், நமக்கு மாமி முறையான ஒரு மூதாட்டியாரின் மகள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்பொழுது தோளிலே ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் படலையடியில் வந்து நின்றார். மாமியின் முழுப் பெயரையும் சொல்லி, "இருக்கிறாவா?" என்று கேட்டார். நீதிமன்றத்திலிருந்து ஒரு கடதாசி கொண்டு வந்திருப்பதாகவும், கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார்.

வீடு ஒரு கணத்தில் கலங்கிப்போயிற்று. மாமி கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, "நான் இல்லையெண்டு சொல்லு பிள்ளை. கையெழுத்து வைச்சாத்தானே வழக்கு? வாங்காம விட்டா அவங்க என்ன செய்யேலும்?" என்று மெல்லிய குரலில் மகளைப் பார்த்துச் சொன்னார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற இலிகிதர் அண்ணரோ வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "வாங்கினாலென்ன, வாங்காட்டியென்ன! பிஸ்கால்காரன் குடுத்தனெண்டு எழுதிப்போட்டா, அதை ஆண்டவன் வந்தாலும் மாத்தேலாது" என்று தம் அனுபவத்தை எடுத்துரைத்தார்.

நம் நாட்டுக் குடும்பங்களிலே அழைப்பாணை பற்றி நிலவும் நம்பிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டுமே. ஒன்று, வாங்க மறுத்தால் வழக்கு நம்மைத் தொடாது என்பது. மற்றொன்று, சேர்ப்பித்தவர் எழுதிய அறிக்கையே முடிந்த முடிபு என்பது. இரண்டும் பிழை. இந்த இரண்டு பிழைகளாலும் காணியையும் வீட்டையும் இழந்தோர் பலர். ஆகவே, இந்தக் கடதாசியின் பயணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நேயர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம். மாமியின் கதைக்குப் பிறகு வருவோம்.

நீதிமன்றம் ஒருவரை அழைக்காமல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது சட்டப் புத்தகங்கள் தோன்றுவதற்கு முன்பே மனிதர் உணர்ந்த நியாயம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை மாணவருக்குப் படிப்பிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நாம் சற்று நிற்பதுண்டு. பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான்; கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்டானில்லை. இக்காலத்து மொழியிற் சொன்னால், எதிராளி இல்லாமல் நடந்த ஒருதலைப்பட்ச விசாரணை அது. கண்ணகி சிலம்போடு வந்து அந்தத் தீர்ப்பை மீளத் திறந்தாள், உண்மை வெளிப்பட்டது, ஆனால் தண்டனை முன்னரே நிறைவேறிவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கைச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். புத்தூரிலே சுந்தரருக்குத் திருமணம் நடக்கவிருந்த பந்தலுக்கு ஒரு முதிய வேதியர் வந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்குரைக்கிறார். ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிபட்டது படியோலை, மூலவோலை என்னிடம் உண்டு என்று முதியவர் சொல்ல, அவையினர் சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பளிக்கின்றனர். இதிலே ஓலையின் உண்மையை நிரூபித்த விதத்தையே உரையாசிரியர்கள் பெரிதும் எடுத்துப் பேசுவர். நமக்கு வேறொன்று சுவையாகத் தோன்றுகிறது. வழக்காளி தாமே நேரில் வந்தார். சுற்றத்தார் அனைவரும் கூடியிருந்த மணப்பந்தலில், எதிராளியின் முகத்துக்கு முன் நின்று, தம் வழக்கு இன்னதென்று சொன்னார். "எனக்கு அறிவித்தல் கிடைக்கவில்லை" என்று சுந்தரர் பின்னர் ஒருநாளும் சொல்ல முடியாது! எதிராளி ஓலையைக் கிழித்தபடியால் வழக்கும் நின்றுவிடவில்லை. அழைப்பாணையை வாங்க மறுத்தால் வழக்கில்லை என்று எண்ணுவோர் இந்த ஒரு கட்டத்தை நினைவில் வைத்தாற் போதும்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அதுவே ஆட்சியில் இருக்கிறது. முற்காலத்தில் அழைப்பாணையைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு பிஸ்காலுடையது. அந்தப் பெயரே ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 1988 ஆம் ஆண்டின் 79 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின் முறை சற்று மாறிற்று. முதலில் அழைப்பாணை பதிவுத் தபாலிற் போகவேண்டும். தபாலிற் சேர்ப்பிக்க இயலவில்லை என்று அறிக்கை வந்தாலோ, சேர்ந்தும் எதிராளி நீதிமன்றத்துக்கு வராவிட்டாலோ, பிஸ்கால் மூலமாகவோ அப்பிரிவின் கிராம அலுவலர் மூலமாகவோ நேரிற் கையளிக்கும்படி நீதிமன்றம் பணிக்கும். கிராம அலுவலர் என்று சட்டம் சொல்பவரை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் விதானையார் என்றே சொல்வர்.

கையளித்தல் என்றால், கையிற் கொடுத்தல் அல்லது கொடுப்பதற்கு நீட்டுதல். நீட்டியும் வாங்காவிட்டால் அது அவர் குற்றம். எவ்வளவு முயன்றும் ஆளைக் காண இயலவில்லையாயின், எதிராளி சாதாரணமாக வசிக்கும் வீட்டின், எல்லோர் கண்ணிலும் படத்தக்க ஓரிடத்தில் அழைப்பாணையை ஒட்டிவிடலாம். அப்படி ஒட்டியதும் அது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாகவே சட்டம் கருதும். "சாதாரணமாக வசிக்கும்" என்ற இந்த இரண்டு சொற்களை நேயர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்; மாமியின் வீடு தப்பியது இவற்றைப் பிடித்துக்கொண்டே.

எதிராளியின் மொழி நீதிமன்றத்தின் மொழியன்று என்றால், அவர் மொழியில் ஒரு மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பதும் சட்டத்தின் ஏற்பாடு. மூவினத்தாரும் அயலயலாக வாழும் நம் மாவட்டத்திலே இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. படித்துப் பொருள் தெரியாத கடதாசி கையில் இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன?

சேர்ந்தது என்பதை வழக்காளி எவ்வாறு நிரூபிப்பது? கோர்ட்டார் நிழல்போல் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லையே! தபாலிற் போனதாயின், பெற்றுக்கொண்டதற்கான தபாற் பகுதியின் அறிவிப்புச் சீட்டு; நேரிற் கொடுத்ததாயின், கொடுத்தவர் எழுதிய குறிப்பு. இவை சேர்ப்பித்தமைக்கும் சேர்ப்பித்த திகதிக்கும் போதிய சான்றாகும். மாறாக நிரூபிக்கப்படும் வரையில் அவற்றிற் சொல்லியிருப்பது சரியென்றே கொள்ளப்படும். அலுவலர் செய்த காரியம் முறைப்படி நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்ற பொதுவிதி 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் உண்டு. இலிகிதர் அண்ணர் சொன்னதற்கு இவ்வளவே ஆதாரம். ஆனால் அவர் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை விட்டுவிட்டார். "மாறாக நிரூபிக்கப்படும் வரையில்" என்ற சொற்களிலே எதிராளிக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. எனக்குச் சேரவில்லை என்று எதிராளி சத்தியத்தின் மேல் சாட்சி சொல்லி, அது நம்பத்தக்கதாகவும் தோன்றினால், சேர்ந்தது என்று காட்டும் சுமை வழக்காளியின் தோளுக்கு மாறும். அப்போது அவர் சேர்ப்பித்த அலுவலரையே சாட்சிக் கூண்டுக்கு அழைக்க நேரிடும்.

இந்த இடத்திலேதான் ஒரு நல்ல அறிக்கைக்கும் சோம்பேறி அறிக்கைக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். "எதிராளிக்குக் கொடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி ஊகத்துக்குப் போதும். குறுக்கு விசாரணைக்குப் போதாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், இவர்தாம் எதிராளி என்று அலுவலருக்குச் சுட்டிக்காட்டியவர் யார்? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. வழக்காளியே கூடப்போய், "அதோ நிற்கிறா, அவதான்" என்று யாரோ ஒருத்தியைக் காட்டிவிட்டால்? இந்தியாவின் 1908 ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டம் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. வாசலில் ஒட்டிவிட்டு வரும் அலுவலர், வீட்டை அடையாளங் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்பதைப் பெயர் முகவரியோடு அறிக்கையில் எழுதவேண்டும். சத்தியத்தால் உறுதிசெய்யாத அறிக்கையாயின் நீதிமன்றம் அலுவலரை அழைத்து விசாரித்தே தீரவேண்டும்.

அந்த இந்தியச் சட்டத்தில் இன்னொரு சுவையான சங்கதி. எதிராளி வீட்டில் இல்லாதபோது குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் அழைப்பாணையைக் கொடுக்கலாம் என்ற விதியில், 1976 ஆம் ஆண்டு வரையில், அந்த ஒருவர் ஆணாக இருக்கவேண்டும் என்றிருந்தது. வீட்டுத் தலைவி பட்டதாரியாயிருந்தாலும் அவர் கையிற் கொடுத்தது சேர்ந்ததாகாது. பதினெட்டு வயது மைந்தன் கையிற் கொடுத்தால் ஆகும்! 1976 ஆம் ஆண்டுத் திருத்தமே ஆணாயினும் பெண்ணாயினும் என்று அதை மாற்றியது. வேலைக்காரர் குடும்பத்தவராகக் கருதப்படமாட்டார் என்ற விளக்கமும் அங்கே உண்டு.

திரும்ப இலங்கைக்கு வருவோம். இவ்விடயத்தில் நம் உச்ச நீதிமன்றம் 1981 ஆம் ஆண்டிலே ஒரு விவாகரத்து வழக்கில் அளித்த தீர்ப்பு சட்ட மாணவர் அனைவரும் படிப்பது. பின்னாளில் பிரதம நீதியரசராக விளங்கிய சர்வானந்தா அவர்கள் எழுதியது. தமக்கு அழைப்பாணையே வரவில்லை, கணவர் பெற்ற தீர்ப்பு செல்லாது என்று மனைவி முறையிட்டார். நீதியரசரின் கருத்தின் சாரம் இது: அழைப்பாணை சேர்ப்பிக்கப்படுவதால்தான் ஒருவர்மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமே பிறக்கிறது, சேர்ப்பிக்காமலும் வேறுவகையில் அறிவிக்காமலும் கொடுத்த தீர்ப்பு பிழையான தீர்ப்பு மாத்திரமன்று, அடியோடு வெறுமையான தீர்ப்பு. பிழையான தீர்ப்பு மேன்முறையீட்டில் திருத்தப்படும் வரை உயிரோடிருக்கும். வெறுமையான தீர்ப்புக்கு உயிரே கிடையாது. அதை அளித்த நீதிமன்றமே தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் துடைத்தெறியலாம். ஒரு பெண்ணின் மணவாழ்வு அவளறியாமலே முடிந்துபோகக்கூடும் என்ற நிலைமையை நினைத்துப் பார்த்தால், கடதாசி சேர்ப்பித்தலை வெறும் சடங்கென்று சொல்ல யாருக்கும் நாவெழாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், நம் மாவட்டத்தின் நிலவமைப்பும் சரித்திரமும் அதைச் சோதனைக்குள்ளாக்கியிருக்கின்றன. கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் பட்டினம், மறுகரையில் மூதூர். இடையே கடல். 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில் கிண்ணியாவுக்குப் போவோர் பாதையிலே ஏறித்தான் நீரைக் கடந்தனர். ஒரு கடதாசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர ஒரு பகற்பொழுது போய்விடும். எதிராளியோ மீன்பிடிக்கப் போயிருப்பார், அல்லது தம்பலகாமத்து வயலில் நிற்பார். மறுபடியும் ஒரு நாள், மறுபடியும் ஒரு நாள். இந்த அலைச்சலில் ஓர் அலுவலருக்கு, போகாமலே போனதாக எழுதிவிடும் சபலம் தோன்றாது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? வெயிலிலும் மழையிலும் நேர்மையாக நடந்து தேய்ந்தவர்களே மிகப் பலர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதற்கு மேலே போர். 1983 முதல் 2009 வரை இங்கே எத்தனை ஊர்கள் எழுந்து ஓடின, எத்தனை முறை திரும்பி வந்தன! சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, பலர் 2015 இன் பின்னரே தம் மண்ணை மிதித்தனர். நடுவிலே 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி கடல் வேறு வந்துபோயிற்று. வழக்காளி தம் முறைப்பாட்டில் எழுதுவது எதிராளியின் பழைய முகவரி. அந்த முகவரியில் வீடு இல்லை, வீடிருந்தால் ஆளில்லை, ஆளிருந்தால் அவர் வேறொருவர். ஆனால் கடதாசிக்கு இதெல்லாம் தெரியாது.

இந்தச் சங்கடம் ஏழை நாடுகளுக்கே உரியது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலே லூயிவில் நகரத்து அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளை வீட்டைவிட்டு எழுப்புவதற்கான அழைப்பாணைகளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவது வழக்கமாயிருந்தது. நாங்கள் காணவேயில்லை, வெளியேற்ற ஆட்கள் வந்தபோதுதான் வழக்கு நடந்ததே தெரியும் என்று குடியிருந்தோர் முறையிட்டனர். ஒட்டிய அலுவலர்களே ஒப்புக்கொண்ட ஒரு செய்தி வழக்கைத் திருப்பிற்று: ஒட்டும் கடதாசிகளைக் குழந்தைகள் கிழித்துக்கொண்டு ஓடுவது அங்கே அபூர்வமன்று! 1982 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட இடத்திலே கதவில் ஒட்டியதோடு நிற்பது போதாது, தபாலிலும் அனுப்பியிருக்கலாமே என்று தீர்த்தது. 2006 இல் ஆர்கன்சாஸ் மாநிலத்து வழக்கொன்று. வரிப் பாக்கிக்காக ஒருவர் வீட்டை அரசு விற்கவிருந்தது. அறிவித்தல் பதிவுத் தபாலிற் போய், பெறுவாரின்றித் திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கையில் வைத்துக்கொண்டே அரசு வீட்டை விற்றது. சேரவில்லை என்று தெரிந்த பின்னும் வேறு முயற்சி செய்யாதது முறையன்று என்றது நீதிமன்றம். வீட்டை இழக்கப்போகிறவருக்கு அதைச் சொல்ல உண்மையாக விரும்புகிறவர் எப்படி நடந்துகொள்வார் என்பதே அங்கு அவர்கள் பிடித்த அளவுகோல்.

நியூயோர்க் நகரிலே அழைப்பாணைகளைச் சாக்கடையில் எறிந்துவிட்டுச் சேர்ப்பித்ததாகச் சத்தியம் செய்யும் மோசடிக்கு, சாக்கடைச் சேர்ப்பு என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அதைத் தடுக்க, சேர்ப்பிப்பவர் நின்ற இடத்தையும் நேரத்தையும் செய்மதி மூலம் பதிவுசெய்யும் கருவியைத் தம்மோடு கொண்டுபோகவேண்டும் என்று அந்நகரம் 2010 இல் சட்டமியற்றிற்று. கொட்டியாரக் குடாவைக் கடந்து போகிறவர் கையிலும் அப்படியொரு கருவி இருந்தால் அவருடைய நேர்மைக்கும் அது காவலாயிருக்குமே என்று நமக்குத் தோன்றுகிறது.

துறைமுகத்து நேயர்களுக்கு ஒரு புதுமை சொல்வோம். கப்பலுக்கும் அழைப்பாணை உண்டு! கடன்பட்ட கப்பற் சொந்தக்காரர் எந்தத் தேசத்திலோ இருப்பார். கப்பலோ நம் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அப்போது வழக்கைக் கப்பல் மீதே தொடுக்கலாம். நம் நாட்டில் 1983 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கக் கடற்படுநியாயாதிக்கச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. வழக்கமாக விசாரணை கொழும்பிலிருக்கும் மேல் நீதிமன்றத்தில். ஆங்கிலேயர் காலந்தொட்டு வந்த மரபுப்படி அந்தக் கடதாசியைக் கப்பலின் பாய்மரத்திலே ஒட்டுவர். பாய்மரமில்லாத இரும்புக் கப்பலாயின், கண்ணிற்படும் மேற்கட்டில். கப்பல் வாங்க மறுத்து ஒளியவும் முடியாது. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லவும் முடியாது.

மனிதர் கடல் கடந்து போனால்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரரும் பங்காளராயுள்ள காணி வழக்குகள் இன்று நம்மிடையே ஏராளம். இதற்கென 1965 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கையில் அது 2001 முதல் அமுலில் இருக்கிறது; கனடாவும் பிரித்தானியாவும் அதிற் சேர்ந்த நாடுகளே. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மத்திய அதிகாரி அழைப்பாணையைப் பெற்று, தம் நாட்டு முறைப்படி சேர்ப்பித்து, சேர்ந்தது அல்லது சேரவில்லை என்று சான்றிதழ் அனுப்புவார். உரிய காலத்தில் சேர்ந்தது என்று உறுதியாகும் வரையில், வராதவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்கலாகாது என்பது அதன் பொதுவிதி.

கைத்தொலைபேசி இக்காலத்து மணப்பந்தல் போலும். 2018 இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவித்தலை எதிராளி திறந்தும் பார்த்திருக்கிறார் என்பதை அதன் அடையாளக் குறிகளைக் கொண்டே ஏற்றது. தொற்றுநோய்க் காலத்தில், 2020 ஆடியில், மின்னஞ்சலாலும் இத்தகைய செய்திச் சேவைகளாலும் சேர்ப்பிக்க இந்திய உச்ச நீதிமன்றம் இடங்கொடுத்தது. தொலைபேசியைப் பேரப்பிள்ளை வைத்து விளையாடும் வீடுகளில், நீலக்கோடு விழச் செய்தவர் யாரென்ற கேள்விக்கு இனிமேல்தான் நீதிமன்றங்கள் விடை காணவேண்டும்.

இனி மாமியின் கதை. படலையடியில் நின்றவரிடம் நாமே போய்ப் பேசினோம். அவர் கொண்டுவந்தது அழைப்பாணை அன்று, அதைவிடப் பாரதூரமானது. நம் பகுதிக்கு அப்பாலுள்ள ஒரு நீதிமன்றத்தில், மாமியின் ஊர்க் காணியும் வீடும் தமக்குரியவை என்று தூரத்து உறவினர் ஒருவர் வழக்கு வைத்து, மாமி வராதபடியால் ஒருதலைப்பட்சமாக விசாரணை நடந்து, தீர்ப்பாணையும் ஆகியிருந்தது. அதன் பிரதியே அந்தக் கடதாசி. ஊரிலே ஆளைக் காணாமல் அயலாரை விசாரித்து மகள் வீட்டைத் தேடி வந்திருக்கிறார் அந்த நல்ல மனிதர்.

"மாமி, இதை வாங்காவிட்டாற்தான் வீடு போகும், வாங்கினால் பேச ஒரு வழியுண்டு" என்று சொல்லிக் கையொப்பம் வைக்கச் செய்தோம். அன்றைய திகதியைக் கடதாசியின் மூலையில் மகள் குறித்துக்கொண்டாள். ஏனெனில், தீர்ப்பாணை சேர்ந்த பதினான்கு நாட்களுக்குள், தாம் வராதிருந்ததற்குத் தகுந்த காரணம் உண்டென்று அந்த நீதிமன்றத்துக்கே விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இடந்தருகிறது. அந்தக் கெடு இறுக்கமானது. பதினைந்தாம் நாள் போனால் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. இலிகிதர் அண்ணருடைய வேதாந்தத்தை நம்பி இரண்டு வாரம் சும்மா இருந்திருந்தால், பிறகு தீர்ப்பே வெறுமையானது என்று காட்டும் கரடுமுரடான பாதை ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். மாமி நான்காம் நாளே சட்டத்தரணியிடம் போனார்.

வழக்கேட்டைப் புரட்டிப் பார்த்த சட்டத்தரணி, அழைப்பாணை பற்றிய அறிக்கையைப் பிரதிபண்ணிக் கொண்டுவந்தார். பதிவுத் தபால் திரும்பியிருந்தது. பின்னர் நேரிற் போனதாகவும், ஆளைக் காணாதபடியால் எதிராளி வசிக்கும் வீட்டின் முன் கதவிலே ஒட்டிவிட்டதாகவும் வேறோர் அலுவலர் எழுதிச் சத்தியஞ் செய்திருந்தார். அதைக் கேட்டதும் மாமி ஒரு நிமிஷம் பேசாமலிருந்தார். பிறகு, "எந்தக் கதவு, தம்பி?" என்றார்.

அந்த வீட்டுக்குக் கதவில்லை. யுத்தத்தில் கூரை போயிற்று. ஆளில்லாத காலத்தில் கதவு நிலைகளையும் யன்னல்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு சுவரும் ஒரு வேப்பமரமுமே மீதி. மாமி பல வருஷங்களாக மகள் வீட்டிலேயே வாழ்ந்தார். வாக்காளர் இடாப்பிலும் பங்கீட்டு அட்டையிலும் பட்டினத்து முகவரியே இருந்தது. ஊர் விதானையார் அதைக் கடிதமாக எழுதிக்கொடுத்தார். பேரன் போய்ச் சுவர்களைப் படம் பிடித்து வந்தான்.

விசாரணை நாளன்று நாமும் கூடப்போயிருந்தோம். மாமி சாட்சிக் கூண்டில் ஏறி, தாம் எங்கே வாழ்கிறார் என்பதை மாத்திரம் சொன்னார். வழக்காளி தரப்பில் அந்த அலுவலர் அழைக்கப்பட்டார். வீட்டை உமக்குக் காட்டியவர் யார் என்று கேட்டபோது, நினைவில்லை என்றார். படத்தைக் காட்டி, எந்தக் கதவில் ஒட்டினீர் என்று கேட்டபோது, அவர் படத்தை நீண்டநேரம் பார்த்தார். வழக்கமாக அப்படித்தான் எழுதுவது என்று மெல்லச் சொன்னார். அவரைக் கண்டு நமக்குக் கோபம் வரவில்லை. வயதான மனிதர், கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை நீக்கப்பட்டது. அதனால் மாமி வழக்கை வென்றுவிட்டார் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. மறுமொழி கொடுக்க ஒரு திகதி கிடைத்தது; அவ்வளவே. உறவினருடைய உறுதி செல்லுமா, மாமியினுடையது செல்லுமா என்ற விசாரணை பிறகு தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இடையிலே மகன் அனுப்பிய பணத்தில் அந்த வீட்டுக்குக் கூரை போட்டார்கள். முன்வாசலுக்கு வேப்பம் பலகையில் ஒரு கதவும் செய்து மாட்டினார்கள். சென்ற தைப்பொங்கலுக்கு நாம் போயிருந்தபோது மாமி அந்தக் கதவைத் திறந்தும் சாத்தியும் காட்டிவிட்டு, "இனி ஒட்டுறதெண்டா வந்து ஒட்டட்டும், தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்.